‘அவன் அந்தப் பக்கம் உட்காரக் கூடாது’: திரையிடல் ஒன்றில் வெளிப்பட்ட சிறார் சுரண்டல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

லண்டனின் தெற்குப் புறநகரில் இயங்கும் இளைஞர் மன்றம் ஒன்றில் 2022 அக்டோபரில் தொடங்கி 2024 ஏப்ரலில் ஒருவாறு முடிவுக்கு வந்த நிகழ்வு இது. அப்போது நான் அம்மன்றத்தில் வாரத்துக்கு மூன்று மாலைகள் வேலை செய்த இளைஞர் பணியாளர். சிறுவனும் அவன் தாயாரும் இதை எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆள் அடையாளம் தெரியாதிருக்க ஊர்ப் பெயர்களை விட்டிருக்கிறேன். குடும்பத்தைப் பற்றிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் தமிழர் அல்லர். ஆயினும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கங்களில் நான் சந்திக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ‘கவுண்டி லைன்ஸ்’ என்பது செய்தியில் அடிபடும் ஒரு சொல்லாக மட்டுமே இருப்பதால், இதைத் தமிழில் எழுதி வைப்பது நல்லது என்று நினைத்தேன்.

அந்தச் சொல்லில் ‘கவுண்டி’ என்பது மாவட்டம். ‘லைன்’ எல்லைக்கோட்டைக் குறிப்பதன்று. தொலைபேசி இணைப்பைக் குறிப்பது. லண்டன், பர்மிங்காம், லிவர்பூல் போன்ற பெருநகரங்களிலுள்ள கும்பல்கள் சிற்றூர்களுக்கும் கடற்கரை நகரங்களுக்கும் ஹெராயினும் கிராக் கொக்கெயினும் விற்க ஒரு கைப்பேசி எண்ணை வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணுக்கு ஒரு பெயர் இருக்கும். வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகும். எண்ணே கைமாறி விலைக்குப் போவதும் உண்டு. எண்ணை வைத்திருப்பவர் நகரத்தை விட்டு நகர்வதில்லை. சரக்கை எடுத்துக்கொண்டு ரயிலேறுவதும், போன இடத்தில் போதைப் பழக்கமுள்ள யாரோ ஒருவரின் வீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கி விற்பதும் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அந்த வீட்டை அவர்கள் ‘ட்ராப் ஹவுஸ்’ என்பார்கள். அங்கே போய் வருவதை ‘கோயிங் கன்ட்ரி’ என்பார்கள். சிறுவர்களைப் பிடிப்பதற்குக் காரணம் எளியது: கூலி குறைவு, போலீஸ் பதிவேட்டில் பெயர் இருக்காது, பிடிபட்டால் அவர்களுக்குப் பதில் வேறொருவனை அனுப்பிவிடலாம்.

சிறுவனுக்கு அப்போது 15 வயது. பத்தாம் ஆண்டு மாணவன். தாயார் முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி செய்பவர். வகுப்பில் தொல்லை தருகிறான் என்பதற்காக 2022 மே மாதத்திலிருந்து பள்ளி அவனுக்குக் குறுகிய நேர அட்டவணை போட்டிருந்தது: காலை ஒன்பது முதல் பதினொன்று வரை மட்டும். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட அந்த அட்டவணை ஐந்து மாதம் கழித்தும் நீடித்தது. பதினொரு மணிக்குப் பள்ளி வாசலுக்கு வெளியே வரும் பையனுக்கு, தாயார் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டைத் தவிரப் போக்கிடம் இல்லை என்பதை எங்களுக்கு முன்பே வேறு சிலர் கண்டுகொண்டிருந்தார்கள்.

திரையிடலுக்கு முன் பார்த்தவை

மன்றத்துக்கு அவன் இரண்டாண்டுகளாக வந்துகொண்டிருந்தான். அந்தக் கோடையில் சில மாற்றங்கள் தெரிந்தன. கால்பந்தாட்டத்தை நிறுத்தினான். புதிய ஷூ வந்தது. மூன்று வாரத்தில் இன்னொரு ஜோடியும் வந்தது. கையில் வழக்கமான கைப்பேசியோடு பொத்தான் வைத்த சிறிய கைப்பேசி ஒன்றும் இருந்தது. சில நாட்கள் தொடர்ந்து வராமல் இருந்துவிட்டு, வந்த அன்று சோபாவில் படுத்துத் தூங்கினான். ஒருமுறை தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் ஆறு பேருக்குச் சிக்கன் கடையிலிருந்து சாப்பாடு வாங்கி வந்து கொடுத்தான். நல்ல மனம் என்று ஒரு சக பணியாளர் பதிவேட்டில் பாராட்டியே எழுதியிருந்தார்.

இவையெல்லாம் எங்கள் பதிவேட்டில் இருந்தன. ஆனால் மூன்று பேர், மூன்று தேதிகளில், மூன்று பக்கங்களில் எழுதியிருந்தோம். சேர்த்து யாரும் படிக்கவில்லை. ஷூவைப் பற்றித் தாயாரிடம் பின்னர் கேட்டபோது, பழைய ஷூக்களை இணையத்தில் வாங்கி விற்பதாக மகன் சொன்னதை நம்பியதாகக் கூறினார். அந்த வயதுப் பிள்ளைகள் பலர் உண்மையிலேயே அந்த வியாபாரம் செய்கிறார்கள். அவர் நம்பியதில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை.

படம் காட்டுவதா என்ற முடிவு

சிறுவர்களைக் கும்பல்கள் வளைப்பதைப் பற்றி மன்றத்தில் பேச வேண்டும் என்ற திட்டம் முன்பே இருந்தது. போலீஸ்காரர் ஒருவரை அழைத்துப் பேச வைத்த முந்தைய முயற்சியில் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இம்முறை படம் ஒன்றைக் காட்டலாம் என்று நான் சொன்னேன். ஹென்றி பிளேக் இயக்கி, 2019 லண்டன் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2020 டிசம்பரில் வெளியான ‘கவுண்டி லைன்ஸ்’ என்ற படத்தைத் தேர்ந்தெடுத்தோம். இயக்குநர் முன்னர் இளைஞர் பணியாளராக இருந்தவர். குறைந்த செலவில் எடுத்த படம். துரத்தல் இல்லை, பளபளப்பான கார்கள் இல்லை. 14 வயதுப் பையன் ஒருவன், இரவு வேலைக்குப் போகும் அவன் அம்மா, ரயில் பயணம், கடற்கரை ஊரில் ஓர் அழுக்கு வீடு என்று மெதுவாகப் போகும். செலவில்லாமையே இந்தப் படத்தில் உண்மைக்குத் துணை நிற்கிறது என்பது என் கருத்து. குற்றப் படங்களில் பெரும்பாலானவை இந்தத் தொழிலை உள்ளதைவிடப் பெரிதாகவும் வேகமாகவும் காட்டிவிடுகின்றன. உள்ளபடி பார்த்தால் அது குளிரில் காத்திருக்கிற வேலை.

சக பணியாளர் ஒருவர் இதை எதிர்த்தார். ஏற்கெனவே உள்ளே இழுக்கப்பட்ட பிள்ளை குழுவில் இருந்தால், அத்தனை பேர் நடுவில் தன் கதையையே திரையில் பார்க்க வைப்பது அவனுக்குச் செய்யும் கொடுமை என்றார். படம் 15 வயதுச் சான்று பெற்றது என்பதும், குழுவில் மூவர் 14 வயதினர் என்பதும் அவர் சொன்ன மற்றொரு தடை. கடைசியில், பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, வன்முறைக் காட்சிகளைத் தவிர்த்து, தேர்ந்தெடுத்த நாற்பது நிமிடப் பகுதிகளை மட்டும் காட்டுவதென்றும், கதவைத் திறந்தே வைப்பதென்றும், எழுந்து போக நினைப்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவிப்பதென்றும் முடிவாயிற்று. அவருடைய முதல் எதிர்ப்புக்கு நாங்கள் உண்மையான பதில் எதையும் தேடவில்லை. ‘அப்படி யாரும் இல்லை’ என்று நான் சொன்னது பதிவேட்டில் இருக்கிறது.

அன்று மாலை

பதினொரு பேர் வந்திருந்தார்கள். சிறுவன் பின்வரிசையில், கதவுக்கு அருகில் உட்கார்ந்தான். நானும் சக பணியாளரும் முன்னால், திரையைப் பார்த்தபடி இருந்தோம். படத்துப் பையன் ரயிலில் தனியாகப் போகும் காட்சி வந்தபோது பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினேன். சிறுவன் தன் பக்கத்திலிருந்தவனிடம், சாதாரணமாக, ஆட்டத்தில் தவறாகப் பந்து போட்டவனைக் குறை சொல்லும் தொனியில், “அவன் அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. டிக்கெட் பார்க்கிறவர் பின்னாலிருந்துதான் வருவார். கழிப்பறைக்குப் பக்கத்துப் பெட்டியில்தான் உட்காரணும்” என்றான்.

பக்கத்திலிருந்தவன் சிரிக்கவில்லை. சொன்னவனுக்கும் அடுத்த கணம் புரிந்துவிட்டது. தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து வெளியே போனான். நான் பின்தொடரவில்லை. மற்றவர்கள் முன்னால் அவனைத் தேடிப் போனால், அவன் ஏதோ சொல்லிவிட்டான் என்ற செய்தி அன்றிரவே யாருக்கோ போய்ச் சேரும் என்று அஞ்சினேன். குழுவிலிருந்த பதினொரு பேரில் அவனுடைய ‘எல்டர்’ என்று சொல்லப்படும் கும்பல் மூத்தவனுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்த முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் சக பணியாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால், ஓடிப்போகும் பிள்ளையைத் துரத்துவதாகத் தெரியாமல், தேநீர் போடும் சாக்கில் அவனோடு வெளியே நின்றிருக்கலாம்.

மன்றத்தை மூடியதும் அவன் சொன்ன சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதினேன். எங்கள் மன்றத்தின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரை அன்றிரவே அழைத்தேன். அப்போதுதான் பதிவேட்டின் மூன்று பக்கங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தோம்.

முதல் பரிந்துரை

பிள்ளை ஆபத்தில் இருக்கிறான் என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்கும் பரிந்துரையை அனுப்புமுன் தாயாரிடம் சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. சொல்வதால் பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்றாலன்றிப் பெற்றோருக்குத் தெரிவிப்பதே முறை. மறுநாள் காலை, அவர் பணி முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து அழைத்தேன். நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, “அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா?” என்பது. அவரைப் பொறுத்தவரை சமூகப் பணியாளர் என்றால் பிள்ளையைப் பறிப்பவர். அந்த அச்சத்தைக் கும்பல்காரரும் அறிந்திருந்தார்கள். அம்மாவிடம் சொன்னால் உன்னை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவனிடம் சொல்லியே வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

உள்ளாட்சி மன்றத்தின் குழந்தைகள் சேவைக்கு அன்று மாலையே பரிந்துரை போயிற்று. மறு வேலை நாளிலேயே பதில் வந்தது: ஆபத்து நிலை போதுமானதாக இல்லை, ஆரம்பக்கட்ட உதவிப் பிரிவுக்கு மாற்றப்படுகிறது. எனக்குக் கோபம் வந்தது. பொறுப்பாளர் என் பரிந்துரையைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். ‘போதைப்பொருள் விற்பனையில் ஈடுபட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கிறோம், அடிக்கடி வராமல் இருக்கிறான், விலையுயர்ந்த பொருட்கள் வைத்திருக்கிறான்’ என்று எழுதியிருந்தேன். வாசிப்பவருக்கு அந்த வாக்கியங்களில் தெரிவது தப்புச் செய்யும் பையன். தப்புச் செய்ய வைக்கப்படும் பையன் அல்லன். இரண்டாவது பரிந்துரையில் அவன் சொன்ன ரயில் வாக்கியம், இரண்டு கைப்பேசிகள், காணாமற்போன நாட்களின் பட்டியல், குறுகிய நேர அட்டவணை, தாயாரின் இரவுப் பணி, இவற்றைத் தேதியோடு வைத்து, ‘15 வயதுக் குழந்தை வெளியூருக்குக் கடத்தப்பட்டு வேலை வாங்கப்படுவதாக நம்புகிறோம்’ என்று எழுதினோம். 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டப்படி, பயணத்தை ஏற்பாடு செய்து சுரண்டுவது கடத்தலே. குழந்தை சம்மதித்ததா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சமூகப் பணியாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆனால் இந்தத் திருத்தத்துக்குள் பன்னிரண்டு நாட்கள் போய்விட்டன. அவர் வீட்டுக்கு வரக் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு அவன் காணாமற்போனான்.

நான்கு நாட்கள்

நவம்பர் மாதத்து ஒரு வியாழக்கிழமை பள்ளியிலிருந்து பதினொரு மணிக்கு வெளியேறியவன் வீடு வரவில்லை. தாயார் அன்றிரவே போலீசில் புகார் செய்தார். அவனுடைய கைப்பேசி அணைந்திருந்தது. ஞாயிறு மாலை, சசெக்ஸ் கடற்கரை ஊர் ஒன்றில், அக்கம்பக்கத்தார் கொடுத்த தகவலின் பேரில் போலீஸ் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் அங்கே இருந்தான். வீட்டுக்காரர் நாற்பது வயதைக் கடந்த, ஹெராயின் பழக்கமுள்ள ஒருவர். தன் படுக்கையறையை விட்டுக்கொடுத்துவிட்டுச் சமையலறையில் படுத்திருந்தார். பறவை வேறொன்றின் கூட்டில் புகுந்துகொள்வதுபோல் இப்படி வீடு பிடிப்பதை இங்கே ‘குக்கூயிங்’ என்கிறார்கள். சிறுவனிடம் பொட்டலங்களும் கொஞ்சம் பணமும் இருந்தன. விற்பதற்காக வைத்திருந்தான் என்ற சந்தேகத்தின் பேரில் கைது செய்யப்பட்டான்.

18 வயதுக்குட்பட்டவரைப் போலீஸ் விசாரிக்கும்போது உடன் ஒரு ‘தகுந்த பெரியவர்’ இருக்க வேண்டும் என்பது சட்டம். தாயாரிடம் கார் இல்லை. ஞாயிறு இரவு ரயிலும் குறைவு. நான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். விசாரணையில் வழக்கறிஞரின் அறிவுரைப்படி எல்லாக் கேள்விக்கும் ‘சொல்ல விரும்பவில்லை’ என்றே பதில் தந்தான். அதிகாலை இரண்டு மணியளவில், விசாரணை தொடரும் என்ற நிலையில் விடுவிக்கப்பட்டான். நாங்கள் போகாதிருந்தால் அவனை யார் வீடு சேர்த்திருப்பார்கள் என்று காவல் நிலையத்து அலுவலரிடம் கேட்டேன். காலை ரயிலுக்குச் சீட்டு வாங்கிக் கொடுப்போம் என்றார். எந்த ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்டானோ அதே ரயிலில், தனியாக.

கடன் தாள்

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். அவன் இரண்டு பர்கர்களைப் பேசாமல் தின்றான். கைகள் அழுக்காக இருந்தன. நான்கு நாளாக உடை மாற்றவில்லை. தாயார் கழுவும் அறைக்குப் போயிருந்தார். அதுவரை அவனிடம் எல்லோரும் கேட்டது ஒரே வகைக் கேள்வி: யார் கொடுத்தது, யார் அனுப்பியது, யாருடைய எண். அவற்றில் எதற்குப் பதில் சொன்னாலும் அவன் ‘காட்டிக்கொடுத்தவன்’ ஆவான். திட்டமிட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது, களைப்பில் வேறு கேள்வி தோன்றாமல், “இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று கேட்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பர்கர் வைத்து வந்த தட்டுத் தாளைத் திருப்பிப் போட்டு, என் பேனாவை வாங்கி எழுதத் தொடங்கினான். முதல் வரி 600: ஆகஸ்டில் முதல்முறை அவனிடம் கொடுத்த சரக்கின் விலை. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் முகமூடி போட்ட இருவர் கத்தியைக் காட்டி அதைப் பறித்துக்கொண்டார்கள். அடுத்து 200: தொலைத்ததற்கு அபராதம். 100: நான்கு பயணத்துக்கு ரயில் சீட்டு. 60: சாப்பாடு. 90: அந்தச் சிறிய கைப்பேசி. 150: மூன்றாம் பயணத்தில் கணக்கில் குறைந்த பணம். கீழே தனியாக 420 என்று எழுதினான்: நாளொன்றுக்கு 30 பவுண்டு வீதம் பதினான்கு நாள் வேலை செய்து கழித்தது. அதற்கும் கீழே 820 என்று எழுதி இரண்டு கோடு இழுத்தான். ஷூவைப் பற்றிக் கேட்டேன். அது பரிசு, கணக்கில் வராது என்றான். அதைச் சொல்லும்போது குரலில் லேசான பெருமிதம்கூட இருந்தது.

கந்துவட்டிக்குப் பணம் வாங்கியவர் வீட்டுக் கணக்கைப் பார்த்திருக்கும் தமிழ் வாசகருக்கு இந்தத் தாளை விளக்க வேண்டியதில்லை. அறுநூறில் தொடங்கிய கடன், பதினான்கு நாள் உழைத்த பிறகு எண்ணூற்று இருபது. முகமூடிக்காரர் இருவரும் சரக்கைக் கொடுத்தவன் ஆட்களே என்பது என் ஊகம். இந்தப் போலி வழிப்பறி பரவலாகத் தெரிந்த உத்தி. பையனோ அதை இன்றுவரை முழுதாக நம்பவில்லை. தான் கவனமாக இருந்திருந்தால் அது பறிபோயிருக்காது என்ற எண்ணம்தான் அவனைக் கட்டிப் போட்டிருந்தது. போலீசுக்குப் பயந்து வாயை மூடியிருக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனோ கடனாளி, கடன்பட்டவனுக்குள்ள வெட்கத்தில் இருந்தான்.

தாளை எடுத்து மடித்து வைத்தேன். இதைச் சமூகப் பணியாளரிடம் காட்டலாமா என்று கேட்டேன். பெயர் எதுவும் அதில் இல்லையே என்று யோசித்துவிட்டுச் சரி என்றான்.

கடனை அடைப்பதா

இந்த நிகழ்வில் எனக்கு இன்றும் தெளிவில்லாத பகுதி இதுதான். தாயார் அந்தத் தொகையைக் கேட்டதும், 820 பவுண்டுதானே, தங்கையிடம் வாங்கி நாளைக்கே கொடுத்துவிடுகிறேன் என்றார். ஒரு தாய்க்கு அதைவிட இயல்பான யோசனை இல்லை. கொடுக்க வேண்டாம் என்பது போலீசின் அறிவுரை: பணம் வந்தால் அந்த வீட்டிலிருந்து பணம் வரும் என்று தெரிந்துகொள்வார்கள், புதிய கடன் ஒன்று முளைக்கும். காரணம் சரிதான். ஆனால் கொடுக்காவிட்டால் வாசலில் வந்து நிற்பவர்களை எதிர்கொள்ளப் போகிறவர் அறிவுரை சொன்னவர் அல்லர். போதாததற்கு, போலீஸ் கைப்பற்றிய சரக்கும் பணமும் அவன் தலையிலேயே ஏறும் என்பதை அவன் எங்களுக்கு நினைவூட்டினான். அவனைப் பிடித்த அன்றே அவன் கடன் கூடிவிட்டது. அதைப் பற்றிக் கைது செய்த எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கொடுக்க வேண்டாம், ஆனால் அவன் இந்த ஊரில் இருக்கக் கூடாது என்று மன்றத்தின் சார்பில் எழுத்தில் தெரிவித்தோம். இரண்டாவது பாதி நடக்காவிட்டால் முதல் பாதியைச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை என்றும் எழுதினோம். காணாமற்போய்த் திரும்பிய பிள்ளையிடம் 72 மணி நேரத்துக்குள் சுதந்திரமான ஒருவர் பேச வேண்டும் என்ற விதிப்படி நேர்காணல் நடந்தது. அதில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதே வாரம் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 47ஆம் பிரிவின்படி, பிள்ளைக்குக் கடுந்தீங்கு நேர்கிறதா என்று பார்க்கும் விசாரணை தொடங்கியது. அதற்கான கூட்டத்தில் பள்ளிப் பிரதிநிதி அவனை நிரந்தரமாக நீக்கும் யோசனையைச் சொன்னார். மற்ற மாணவர்களைக் காக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் குறுகிய நேர அட்டவணை அவனைத் தெருவில் விட்டதை அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பள்ளியின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது.

பின்னர் நடந்தவை

டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் மூன்று மாலை நின்றார்கள். எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. மூன்றாம் நாள் தாயார் வேலைக்குப் போகவில்லை. வீட்டுவசதித் துறை வேறு பகுதியில் வீடு தேடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் குடும்பமே முடிவெடுத்தது: கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவன் வடக்கே வேறு நகரத்திலிருந்த சித்தி வீட்டுக்குப் போனான். தாயாரும் அவனுடைய தங்கையும் ஏழு வாரம் கழித்துப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஏழு வாரமும் அவனுக்குப் பள்ளி இல்லை.

அடிமைமுறைக்கு ஆளானோரை அடையாளம் காணும் தேசியப் பரிந்துரை முறைக்கு, அதாவது என்.ஆர்.எம்.-க்கு, அவன் பெயர் அனுப்பப்பட்டது. எங்களைப் போன்ற மன்றங்கள் நேரடியாக அனுப்ப முடியாது. போலீஸ், உள்ளாட்சி மன்றம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளே அனுப்பலாம். சமூகப் பணியாளர் கடன் தாளின் நகலையும் இணைத்திருந்தார். 2021இல் இம்முறைக்கு வந்த 12,727 பரிந்துரைகளில் 2,053 கவுண்டி லைன்ஸ் தொடர்பானவை. இப்படிப்பட்ட கோப்பை வாசிப்பவர்களுக்கு அது புதிதன்று. அவன் பாதிக்கப்பட்டவனாக இருக்க நியாயமான ஆதாரம் உண்டு என்ற முதல் முடிவு எட்டு நாளில் வந்தது. இறுதி முடிவுக்கு 2024 ஏப்ரல் வரை, ஏறத்தாழ பதினாறு மாதம், காத்திருக்க வேண்டியிருந்தது.

குற்ற வழக்கு அதற்குமுன் முடிந்தது. சுரண்டலின் நேரடி விளைவாகக் குழந்தை செய்த குற்றத்துக்கு அடிமைமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு தற்காப்பைத் தருகிறது. போதைப்பொருள் விற்பனை அதில் விலக்கப்படவில்லை. வழக்கறிஞர் அதை முன்வைத்தார். 2023 அக்டோபரில், மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் எழுதித் தந்தது. அவனை அனுப்பியவன் மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. பர்மிங்காமிலிருந்து லிங்கனுக்குச் சிறுவர்களை அனுப்பிய 21 வயது இளைஞருக்கு 2018 அக்டோபரில் பதினான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதைப்போல, அனுப்புபவனைக் கடத்தல் குற்றவாளியாகவே தண்டிக்க வழி இருக்கிறது. அதற்கு எண்ணையும் பயணங்களையும் தங்குமிடங்களையும் மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். எங்கள் நிகழ்வில் இருந்தது பெயரில்லாத ஒரு தாள்.

மூத்தவன் விடுத்த மிரட்டல்கள் பிப்ரவரியோடு நின்றன. ஊர் மாறியதாலா, வேறு பையன் கிடைத்ததாலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மார்ச் மாதத்தில் அதே பள்ளியின் ஒன்பதாம் ஆண்டு மாணவன் ஒருவனைப் பற்றி இன்னொரு மன்றத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. அவனுக்கும் பதினொரு மணி வரைதான் பள்ளி.

எதை மாற்றியிருக்கிறோம், எதை மாற்ற முடியவில்லை

படத்தை மறுபடியும் இரண்டு முறை காட்டினோம். இப்போது ஒரு பணியாளர் முன்னாலும் ஒருவர் பின்வரிசையிலும் இருக்கிறார். பின்னாலிருப்பவர் திரையைப் பார்ப்பதில்லை. திரையிடலுக்கு முந்தைய வாரம் குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பதிவுகளையும் ஒருவர் ஒரே அமர்வில் படிக்கிறார். ‘அப்படி யாரும் இல்லை’ என்று யாரும் எழுதுவதில்லை. பரிந்துரை எழுதும்போது, பிள்ளை என்ன செய்தான் என்பதற்கு முன் அவனுக்கு என்ன செய்யப்பட்டது என்று எழுதுகிறோம். அனுப்புமுன் இன்னொருவர் வாசிக்கிறார். குறுகிய நேர அட்டவணை போடப்பட்ட பிள்ளை எங்கள் பட்டியலில் இருந்தால், பதினொரு மணிக்குப் பின் அவன் எங்கே இருக்கிறான் என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்கிறோம். பதில் வருவது பாதி நேரம்தான்.

பணத்தைப் பற்றிய கேள்வியை முதலிலேயே கேட்கப் பழகியிருக்கிறோம். யாருக்கு என்று கேட்பதில்லை; எவ்வளவு என்று மட்டும். எல்லாப் பிள்ளையிடமும் இது பலிக்கவில்லை. பரிசுப் பொருளையே இன்னும் கடனாக உணரத் தொடங்காத கட்டத்தில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வி புரிவதே இல்லை. கைப்பற்றப்பட்ட சரக்கு பிள்ளையின் கடனில் ஏறுவதைப் பற்றி உள்ளூர்ப் போலீசிடம் இரண்டு முறை பேசினோம். அதற்கு அவர்களிடமும் வழியில்லை, எங்களிடமும் இல்லை. வெளியூரில் பிடிபட்ட பிள்ளையை ஒரு பெரியவர் நேரில் போய் அழைத்து வர வேண்டும் என்பதை மன்றத்தின் விதியாக எழுதியிருக்கிறோம். பெட்ரோலுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதை எழுதும்போது சிறுவனுக்கு 17 வயது. வாகனப் பழுது பார்க்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறான். இந்த ஆய்வுக்குச் சம்மதம் கேட்கப் போனபோது, கடன் தாளின் நகல் வேண்டும் என்றான். அசல் போலீசிடம் இருக்கிறது. கொடுத்தேன். சமையல் மேசையில் விரித்து வைத்து, கைப்பேசியில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினான். மொத்தம் 1,200. அதில் 420 போனால் 780. “820 என்று சொன்னார்கள்” என்றான். அன்று ஓய்விடத்தில் நானும் கூட்டிப் பார்க்கவில்லை. தாளை வாசித்த சமூகப் பணியாளரோ போலீசோ வழக்கறிஞரோ அதைக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. அவன் அந்த 820ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 40 என்று எழுதி, நகலைத் தன் படிப்புக் கோப்பில் வைத்துக்கொண்டான்.